சாலைப் பணியில் கொடி காட்டினால் நிற்கணுமா? மூடாத சாலையில் வண்டியை நிறுத்தி வைப்பது பற்றி

மே 9, இரவு (ஒரு வாசகர் கேட்டது)

"மாநில நெடுஞ்சாலையில் தார் போடும் இடத்தில் லுங்கி கட்டிய ஒருவர் சிவப்புத் துணியைக் காட்டி அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். போலீஸ் யாரும் இல்லை. சாலை மூடல் என்று பேப்பரிலும் வரவில்லை, போர்டும் இல்லை. சாலை திறந்திருக்கிறது, ஆனால் போக முடியாது. இது என்ன சட்டம்? அவர் காட்டினால் நான் ஏன் நிற்கணும்? நிற்காமல் போனால் என்ன செய்வார்கள்?"

மே 10, காலை

நில்லுங்கள். சட்டத்துக்காகச் சொல்லவில்லை, எதிரே வருகிற டிப்பருக்காகச் சொல்கிறேன். ஒரே தடத்தில் இரண்டு பக்கமும் புகுந்துவிட்டால் யாரோ ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பின்னால் இருபது வண்டி நிற்கும்போது அது நடக்காது.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 119. ஓட்டுநர் கட்டுப்பட வேண்டியவை என்று அது முக்கியமாகச் சொல்பவை மூன்று: கட்டாயச் சாலைக் குறி, மின் சிக்னல், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கும் போலீஸ்காரர். ஒப்பந்தக்காரரின் ஆள் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குக் கொடி உண்டு, அதிகாரம் கிடையாது. கேள்வி கேட்டவரின் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது என்பது வரை சரி.

நான் இதைச் சொல்வது, அந்தக் கொடியைப் பிடிக்க ஆள் வைத்த பக்கத்தில் இருந்தவன் என்பதால். மாநில நெடுஞ்சாலை வேலைகளில் துணை ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். மத்தியானம் கொடிக்காரர் சாப்பிடப் போனால் கொடி என் கையில்தான்.

மே 10, மாலை

"அப்படியென்றால் நிறுத்தவே கூடாதா?" என்று ஒருவர் கீழே பொங்கியிருக்கிறார். நிறுத்தலாம், நிறுத்தித்தான் ஆக வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலைப் பணி விவரக்குறிப்பு என்று ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. நெடுஞ்சாலை வேலைக்காரர்கள் வாயில் அது 'மார்த்'. அதில் 112 ஆம் பிரிவு முழுக்க வேலை நடக்கும்போது போக்குவரத்தை என்ன செய்வது என்பதுதான். இரண்டு தடத்துக்குப் போதாத அகலத்தில் வண்டிகளை விட வேண்டி வந்தால், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் விட வேண்டும். அதற்குத் தற்காலிக சிக்னல் வைக்கலாம். இல்லையென்றால் இரண்டு முனையிலும் எல்லா நேரமும் கொடிக்காரர்கள் நிற்க வேண்டும். அவர்கள் கையில் சிவப்பு, பச்சைக் கொடிகளும் விளக்கும் இருக்க வேண்டும்.

'எல்லா நேரமும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சாப்பாட்டு நேரமும் அதில் சேர்த்திதான். அதனால்தான் கொடி என் கைக்கு வந்தது.

ஆனால் இது ஒப்பந்தத்தின் விதி. ஒப்பந்தக்காரரைக் கட்டும், உங்களைக் கட்டாது. கொடிக்காரரை நிறுத்தாவிட்டால் ஒப்பந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். கொடிக்காரரை நீங்கள் மதிக்காவிட்டால் அந்தப் புத்தகத்தில் உங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. குழப்பம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மே 11

சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் மடக்கியிருக்கிறார். பிரிவு 2(46) இல் 'சாலைக் குறி' என்பதற்குள் 'பிற சாதனங்கள்' வரைக்கும் அடங்கும், அப்படியானால் கொடியும் சாலைக் குறிதானே என்கிறார்.

நல்ல கேள்வி. ஆனால் 119(2) ஐயும் படியுங்கள் தம்பி. கட்டுப்பட வேண்டியது எல்லாச் சாலைக் குறிக்கும் அல்ல, 'கட்டாயச் சாலைக் குறி'க்கு. அது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்க வேண்டும், அல்லது அதே வடிவில் இருக்க வேண்டும். அதாவது வட்டத் தகடு, அதில் படமோ சொல்லோ எண்ணோ, சிவப்புப் பின்னணி அல்லது சிவப்பு விளிம்பு. அதோடு 116(1) இன்படி அதிகாரம் உள்ளவர்கள் வைத்ததாகவும் இருக்க வேண்டும். கிழிந்த சிவப்புத் துணி எந்தக் கணக்கிலும் வட்டத் தகடு ஆகாது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கே ஒன்று தோன்றியது. துணிக்குப் பதிலாக 'நில்' என்று எழுதிய வட்டச் சிவப்புப் பலகையை, சாலையை வைத்திருக்கும் துறையின் ஒப்புதலோடு வைத்துவிட்டால் நிலைமை அடியோடு மாறும். தற்காலிக சிக்னல் என்றால் பேச்சே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 184 இல் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் நிறுத்தக் குறியை மீறுவதும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆபத்தான முறையில் அப்படி ஓட்டினால் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பலகைக்கு ஆகிற செலவு ஒரு லோடு சல்லிக்குக்கூட வராது. இருந்தும் எந்த சைட்டைப் பார்த்தாலும் துணிதான்.

மே 11, இரவு

சிரிக்க ஒன்று. கொடிக்காரருக்கு உங்களை நிறுத்தும் அதிகாரம் இல்லை என்று சொன்னேன். ஆடு மேய்ப்பவருக்கு இருக்கிறது.

நிஜமாக. பிரிவு 132. தன் பொறுப்பில் இருக்கும் விலங்கு உங்கள் வண்டியைப் பார்த்து மிரண்டு கட்டுக்கடங்காமல் போகும் என்று அதை ஓட்டி வருபவர் அஞ்சி, நிறுத்தச் சொன்னால், நிறுத்த வேண்டும். விலங்கு என்றால் எது என்றும் அங்கேயே பட்டியல் இருக்கிறது: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு. ஆக, சைட்டில் கொடிக்காரர் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டி வைத்தால் சட்டச் சிக்கல் பாதி தீரும். பாதுகாப்புக் கூட்டத்தில் இதை ஒருமுறை சொன்னேன். மேலாளர் சிரிக்கவில்லை.

மே 13

இப்போது அரை மணி நேர விஷயம். கேள்வியில் எனக்கு உறுத்தியது அதுதான். போலீஸ் இருந்தாரா இல்லையா என்பதைவிட இது பெரிய தவறு.

நிறுத்தி வைப்பது வேறு, மூடுவது வேறு. நான் சைட்டில் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: நீங்கள் நிற்கும்போது எதிர்ப்பக்கம் வண்டி போய்க்கொண்டிருக்கிறதா? போனால் அது முறை வைத்து விடுவது. இரண்டு பக்கமும் நின்றால் சாலை மூடியிருக்கிறது, பேப்பர் இல்லாமல்.

மூடுவதற்குப் பேப்பர் உண்டு. பிரிவு 115. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, சாலை அல்லது பாலத்தின் தன்மைக்காகவோ, வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவருக்கும் மட்டுமே முடியும். அரசிதழில் வர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடை என்றால் அரசிதழ் தேவையில்லை, ஆனால் அந்தப் பகுதியில் தகுந்த விளம்பரம் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. "இன்னைக்கு மட்டும் சார், ரெண்டு மணி நேரம்" என்று அவர் முடிவு செய்ய முடியாது.

திம்பம் மலைப்பாதையில் 2022 இல் உயர் நீதிமன்றம் வரை போய் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததே, அது இந்த வகை. யாருக்கு, எந்த நேரம், எந்த வண்டி என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, எதிர்த்துக் கேட்க ஓர் உத்தரவு இருந்தது. லுங்கிக்காரரின் அரை மணி நேரத்தை எதிர்த்துக் கேட்க என்ன இருக்கிறது?

மே 14

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர்: "எதிர்ப்பக்கம் போய்க்கிட்டுதான் இருக்கும், ஆனா நாங்க இருபது நிமிஷம் நிப்போம், அதுக்கு என்ன சொல்றீங்க?"

அதற்குக் காரணம் கொடிக்காரர் இல்லை அண்ணே, நீளம்.

கணக்குப் போடுவோம். வேலை நடக்கும் நீளம் 500 மீட்டர். வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கடக்க ஒன்றரை நிமிடம். ஒரு பக்கத்தை 2 நிமிடம் விடுகிறோம், கடைசி வண்டி வெளியேற ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறோம், பிறகு மறுபக்கம் அதேபோல. மொத்தச் சுற்று 7 நிமிடம். கொடி விழுந்த நொடியில் வந்து சேர்ந்தவர்கூட 5 நிமிடம்தான் நிற்பார்.

அதையே ஒன்றரை கிலோமீட்டர் ஆக்குங்கள். கடக்கவே நாலரை நிமிடம். அதே 2 நிமிடம் விட்டால் சுற்று 13 நிமிடம், காத்திருப்பு 11. அந்த 13 இல் 9 நிமிடம் இரண்டு முனையிலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. சேர்ந்த கூட்டம் 2 நிமிடத்தில் தீராது என்று 5 நிமிடம் விட்டால் மறுபக்கம் 14 நிமிடம் நிற்கும். நடுவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அது ஒன்று வெளியேறவே 9 நிமிடம். இருபது நிமிடம் இப்படித்தான் வருகிறது.

அதனால்தான் அதே 112 இல் பாதிச் சாலையில் வண்டி விட்டுக்கொண்டு செய்யும் வேலை ஓரிடத்தில் சாதாரணமாக 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. அதற்கு மேல் பொறியாளர் அனுமதித்தால் அரை கிலோமீட்டருக்கு ஒன்று என்று 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் கூடுதல் அகலத்தில் ஒதுங்குமிடம் போட வேண்டும். வேலை நடக்காத பக்கத்தின் ஓரத்தையும் குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சல்லி போட்டு, மேலே தார் பூசித் தர வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் பல இடங்களில் நிறுத்தவே வேண்டியிருக்காது. பைக்கும் காரும் ஓரமாக விலகிப் போய்விடும்.

செய்கிறார்களா? ஓரத்துக்குச் செலவழிக்கும் பணம் முடிந்த சாலையில் தெரியாது. அதனால் செய்வதில்லை. கொடியை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள், அது மலிவு.

மே 14, கொஞ்ச நேரம் கழித்து

ஒப்பந்தக்காரர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். 500 மீட்டருக்கு மேல் நீட்ட எல்லோருக்கும் ஆசை வருவது சூட்டினால். விஜி-30 என்ற ரகத் தார் என்றால் கலவையைப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும், 90க்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். வரிசையாக டிப்பர் நிற்கிறது, கலவை ஆறிக்கொண்டிருக்கிறது, கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சாலை சமமாக வரும். ஒவ்வொரு 500 மீட்டருக்கும் நிறுத்தி, கூம்புகளை நகர்த்தி, கொடிக்காரர்களை இடம் மாற்றி மறுபடி தொடங்குவது வேலை செய்பவனுக்கு வேதனை. டிப்பர் திரும்ப வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் நிறுத்திவிடத் தோன்றும். நானும் அந்த அவசரத்தில் நின்றவன்தான். அவசரம் நிஜம். ஆனால் அதற்கான விலையை வழியில் போகிறவர் கொடுக்கிறார்.

மே 16

கொடிக்காரர் பற்றி யாருமே பேசவில்லையே.

நான் பார்த்த சைட்டுகளில் கொடி யார் கைக்குப் போகும் தெரியுமா? வேறு வேலை செய்ய முடியாதவருக்கு. வயதானவர், கால் வலிக்காரர், புதிதாகச் சேர்ந்த பையன், சில சமயம் சித்தாள் அம்மா ஒருவர். "சும்மா நின்னு கொடி காட்டு" என்பதுதான் மொத்தப் பயிற்சியும். உண்மையில் அந்த சைட்டிலேயே உயிர் ஆபத்து அதிகம் உள்ள இடம் அதுதான். ரோலர் ஓட்டுபவருக்கு முன்னால் ரோலர் இருக்கிறது. கொடிக்காரருக்கு முன்னால் பஸ்தான் இருக்கிறது.

கொடி பிடித்துப் பார்த்தபோது நான் தெரிந்துகொண்டது: மக்களைக் கோபப்படுத்துவது நிற்பது அல்ல, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது. வருகிறவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, "எவ்ளோ நேரம்?" வழக்கமான பதில் "ரெண்டு நிமிஷம்." பத்தாவது நிமிடத்திலும் அதே ரெண்டு நிமிஷம். "எட்டு நிமிஷம் ஆகும்ணே" என்று உள்ளதைச் சொன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீக்கடை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹாரன் பாதியாகக் குறையும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் எதிர் முனையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு வாக்கி டாக்கி வேண்டும். பல இடங்களில் விசில்தான். செல்போன் என்றால் சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

மே 16, இரவு

வாக்கி டாக்கி இருந்தால் பேச்சு இப்படிப் போகும்: "கடைசி வண்டி நீல டாட்டா ஏஸ். அதுக்குப் பின்னாடி யாரும் இல்ல." அந்த முனை நீல ஏஸைப் பார்த்ததும் பச்சை. வாக்கி இல்லாவிட்டால் கடைசி வண்டிக்காரர் கையில் கொடியையே கொடுத்து அனுப்பலாம். அந்த முனையில் கொடி கைக்கு வந்தால்தான் மறுபக்கம் திறக்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் ரயிலுக்கு டோக்கன் கொடுத்த முறைதான் இது. அமெரிக்காவின் சாலைக் குறிக் கையேட்டில்கூடக் கொடியைக் கைமாற்றும் இந்த முறை இருக்கிறது. நம் ஊரில் என்ன ஆகும் என்றால், கடைசி வண்டிக்காரர் கொடியை வாங்கிக்கொண்டு, நடுவில் பிரியும் ஊர்ச் சாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இரண்டு முனையும் கொடிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், நடந்தது.

மே 18

நடுவில் பிரியும் சாலை என்றதும் நினைவுக்கு வந்தது. முறை வைத்து விடுவது கெட்டுப்போவது பெரும்பாலும் முனைகளில் அல்ல, நடுவில். இரண்டு கொடிக்காரர்களும் சரியாக வேலை செய்வார்கள். நடுவில் ஒரு தோப்பு வீட்டிலிருந்து பைக் இறங்கி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் எதிர்த் திசையில் போகும். அந்த வாயிலில் மூன்றாவது ஆள் வேண்டும். டெண்டர் போடும்போது இரண்டு ஆளுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

அப்புறம் பைக்குகள். நிற்கிற வரிசையில் பைக் நிற்பதில்லை, ஊர்ந்து முன்னால் வந்து கொடிக்காரரின் முழங்காலைத் தொடும். பத்து பைக் சேர்ந்தால் அவர்களே ஒரு முடிவெடுத்துக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. ஒரு டிப்பரைக் குறுக்கே நிறுத்துவது தீர்வு என்று நினைப்பவர்கள் உண்டு. அது இன்னொரு தடையை உருவாக்குவது மட்டும்தான்.

மே 19

லண்டனில் இருக்கும் வாசகர் அங்கே எப்படி என்று எழுதியிருந்தார், நன்றி. எனக்குத் தெரிந்ததோடு பொருந்துகிறது. பிரிட்டனில் ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ' என்று எழுதிய சுழல் பலகை சட்டம் ஏற்ற சாலைக் குறி. மீறினால் சிக்னலை மீறிய மாதிரி. எந்த இடத்தில் கைப்பலகை போதும் என்பதற்குக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். 3 நிமிடம் நின்று இரண்டு பக்கமும் வரும் வண்டிகளை எண்ண வேண்டும். வேலை நீளம் 100 மீட்டர் என்றால் 70 வண்டி வரை கைப்பலகை போதும், 500 மீட்டர் என்றால் 42 தான். அதைவிட நீளமானால் கைப்பலகையே கூடாது. நீளம் கூடக் கூட எண்ணிக்கை இறங்குவதைப் பாருங்கள். நான் மேலே போட்ட கணக்கின் இன்னொரு முகம்தான் அது.

அமெரிக்காவிலும் எண்கோணப் பலகைதான் முதன்மை, அகலம் குறைந்தது 18 அங்குலம். கொடி அவசர நேரத்துக்கு மட்டும். நாம் அவசரத்துக்கானதை அன்றாடத்துக்கு வைத்திருக்கிறோம்.

"வெளிநாட்டுப் பெருமை பேசாதே" என்று வரும் முன் சொல்லிவிடுகிறேன்: நம்மிடமும் இந்திய சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற கையேடு இருக்கிறது. வேலை இடத்துப் போக்குவரத்துக்கென்றே 2001 இல் வந்து, 2014 இல் திருத்தப்பட்டது. முன்னெச்சரிக்கைப் பகுதி, குறுகும் பகுதி, வேலைப் பகுதி, முடியும் பகுதி என்று நான்காகப் பிரித்து அழகாகவே எழுதியிருக்கிறார்கள். புத்தகம் நன்றாக இருக்கிறது, அலமாரியில்.

மே 22

இரண்டு பக்கமும் நின்றால் அது மூடல் என்று 13 ஆம் தேதி அடித்துச் சொன்னேன். ஒரு பாலம் கட்டும் இன்ஜினியர் தனிச்செய்தியில் கேட்கிறார்: "கிர்டர் தூக்கும்போது என்ன செய்யச் சொல்றீங்க?"

நியாயம். தலைக்கு மேல் கிர்டர், அதாவது பாலத்தின் உத்தரம், நகரும்போதோ, சாலையின் குறுக்கே மின்கம்பி இழுக்கும்போதோ, ஓரத்துப் புளியமரம் சாயும்போதோ, டிரெய்லரிலிருந்து எக்ஸ்கவேட்டர் இறங்கும்போதோ இரண்டு பக்கமும் நிறுத்தாமல் முடியாது. அப்போது அளவுகோல் மாற வேண்டும். ஆபத்து இருக்கும் அந்தச் சில நிமிடத்துக்கு மட்டும் நிறுத்துவது ஒன்று. வேலை செய்ய வசதியாக இருக்கிறது என்று நிறுத்துவது இன்னொன்று. மரம் சாயும்போது நிறுத்துங்கள். சாய்ந்த மரத்தை அறுத்து, விறகாக்கி, லோடு ஏற்றும் வரை நிறுத்தாதீர்கள். ஒரு தடத்தைத் திறந்துவிட்டு மீதியைச் செய்யலாம். கிர்டர் போல நேரம் எடுக்கும் வேலை என்றால் அது முன்கூட்டியே தெரிந்த வேலை. ராத்திரிக்குத் தள்ளி, உத்தரவு வாங்கி, மாற்றுப்பாதை போட்டுச் செய்யுங்கள்.

பாறை வெடி வைப்பது தனி. மார்த் புத்தகத்தில் வெடி வேலைக்கான பகுதியில் வெளிப்படையாக நிமிடம் சொல்லியிருக்கிறது. வெடி இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் 200 மீட்டரில் சிவப்புக் கொடி, வெடிப்பதற்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பே எல்லோரும் அந்த எல்லைக்கு வெளியே, அதற்காகச் சங்கு. சாலை அந்த 200 மீட்டருக்குள் போனால் இரண்டு பக்கமும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கத்தான் வேண்டும். அங்கே யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். காரணம் காதில் விழுகிறது அல்லவா.

மே 23

மலைப்பாதை பற்றிக் கேட்டவருக்கு: ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது ஓட்டுநர் விதி. கொடி நிற்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போதும் அதே புத்தி வேண்டும். லோடு லாரியை ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்பும்போது பின்னால் உருளும். கொண்டை ஊசி வளைவில் நிறுத்தினால் பின்னால் வருபவருக்கு வரிசையின் வால் தெரியாது. வேலை இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் சமதளம் கிடைத்தால், நீளம் கூடினாலும் அங்கேயே நிறுத்துவது மேல்.

வால் என்பது சமவெளியிலும் பிரச்சினைதான். 112 இன்படி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு பலகை வேண்டும், ஒன்று சாலை குறுகும் இடத்துக்குப் பக்கத்தில், மற்றொன்று 120 மீட்டர் முன்னால். முப்பது வண்டி நின்றால் வரிசை அந்த 120 மீட்டரைத் தாண்டிவிடும். அப்புறம் பலகை வரிசைக்கு நடுவில் நிற்கும், யாருக்கும் உதவாமல். வால் நீள நீளப் பலகையும் பின்னால் போக வேண்டும், அல்லது வாலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ராத்திரியில் கொடி இல்லாத இடத்தைவிட, கொடி சரியாக இருந்து வாலில் வெளிச்சம் இல்லாத இடம்தான் எனக்குப் பயம்.

மே 25

108 வந்தால்? எந்த முறையாக இருந்தாலும் உடைத்துத்தான் ஆக வேண்டும். அவசர ஊர்திக்கு வழிவிடாத ஓட்டுநருக்குப் பிரிவு 194-இ இல் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இருக்கிறது. நாங்கள் செய்தது: சங்கொலி கேட்டதும் இரண்டு முனையிலும் சிவப்பு, உள்ளே இருப்பவர்கள் வெளியேறியதும் ஆம்புலன்ஸ் முதலில். பேவர் நின்றால் நிற்கட்டும், அது நின்ற இடத்தில் சாலையில் ஒரு மேடு விழுந்தால் விழட்டும். சிக்கல் எங்கே என்றால், வரிசையில் முப்பதாவதாக நிற்கும் ஆம்புலன்ஸ் கொடிக்காரருக்குத் தெரியவே தெரியாது. வலது பக்கம் காலியாக இருந்தால் ஏறி வரும். அங்கே நம்ம ஆட்கள் இரண்டாவது வரிசை கட்டி நின்றால் முடிந்தது.

மே 25, இரவு

ஒருவர் ரயில்வே கேட்டோடு ஒப்பிட்டு, "அங்கே மட்டும் பொறுமையா நிக்கறோமே" என்கிறார். பொறுமை அல்ல நண்பரே. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 160: சாலைக்கு மூடிய கேட்டை நீங்களாகத் திறந்தால் மூன்று வருடம் வரை சிறை, உடைத்தால் ஐந்து வருடம் வரை. கேட்கீப்பருக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. கொடிக்காரருக்குப் பின்னால் ரோலர்தான் நிற்கிறது.

மே 28

நகரத்தில் எப்படி என்று கேட்டவருக்கு, சுருக்கமாக: மெட்ரோ வேலை, கால்வாய் வேலை போன்றவற்றில் போக்குவரத்துப் போலீஸ் நேரடியாக நின்றால் 119 முழுதாகப் பொருந்தும், கை காட்டினால் நிற்க வேண்டும். பளபளக்கும் சட்டை போட்ட தனியார் மார்ஷல் மட்டும் நின்றால் மேலே சொன்ன லுங்கிக்காரரின் நிலைதான். சட்டை மாறினாலும் பிரிவு மாறாது.

ஜூன் 2

புகார் எப்படிக் கொடுப்பது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

கொடிக்காரரோடு சண்டை போடாதீர்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியவை: 120 மீட்டரில் பலகை இருக்கிறதா, இரண்டு முனையிலும் ஆள் இருக்கிறாரா, வேலை நீளம் தோராயமாக எவ்வளவு (வண்டியின் கிலோமீட்டர் மீட்டரே போதும்), எதிர்ப்பக்கம் வண்டி வந்ததா, ராத்திரி என்றால் விளக்கு இருந்ததா. நேரம் தெரிகிற மாதிரி இரண்டு படம், இறங்கி ஓரமாக நின்று எடுத்தது. சாலை எந்தத் துறையுடையதோ அதன் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். 'அரை மணி நேரம் நிறுத்தினார்கள்' என்று எழுதினால் வருத்தம் தெரிவித்து முடித்துவிடுவார்கள். '112 இன்படி ஒரு பக்கமாவது விட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் நின்றது, 115 இன்படி உத்தரவு உண்டா?' என்று கேட்டால் யாராவது ஒருவர் கோப்பைத் தேட வேண்டியிருக்கும்.

198-ஏ பற்றியும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்த்த பிரிவு. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் பாதுகாப்புத் தரத்தை மீறி, அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் மேல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். காத்திருந்த கடுப்புக்கு அது பொருந்தாது. வாலில் வெளிச்சம் இல்லாமல் யாராவது மோதினால் பொருந்த வாய்ப்பு உண்டு.

ஜூன் 3

வட்டப் பலகையை எங்கே செய்வது என்று ஒரு சிறு ஒப்பந்தக்காரர் கேட்டிருக்கிறார். சந்தோஷம். நெடுஞ்சாலைப் பலகை செய்யும் எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். ஒளி பிரதிபலிக்கும் தாள் ஒட்டச் சொல்லுங்கள், வெறும் பெயின்ட் வேண்டாம். பிடி நீளமாக இருக்கட்டும், தரையில் ஊன்றிப் பிடிக்கிற மாதிரி, இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் கை ஓய்ந்துவிடும். செய்வதற்கு முன் பொறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், 116க்கு அது வேண்டும். பின்பக்கம் பச்சை வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் திருப்பும்போது எதிர் வரிசைக்குத் தவறான முகம் தெரியாமல் உடம்பால் மறைத்துத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள்.